நட்சத்திரங்களை நம்பலாமா? இணையச் சேவைகளைத் தெரிவுசெய்வதில் நம்பிக்கையும் நற்பெயரும்

2017ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் தெற்கே டல்விச் என்ற பகுதியில் ஓர் உணவகம் திடீரெனப் பெயர்பெற்றது. ‘த ஷெட் அட் டல்விச்’ என்பது அதன் பெயர். உணவகங்களையும் ஹோட்டல்களையும் பாவனையாளர்கள் மதிப்பிடும் ட்ரிப்அட்வைசர் தளத்தில் 18,149ஆவது இடத்தில் தொடங்கிய அது, அதே ஆண்டு நவம்பரில் லண்டனின் முதலாவது இடத்தைப் பிடித்தது. மேசை ஒதுக்கித் தருமாறு கேட்டு அழைப்புகள் குவிந்தன.

ஆனால் அப்படி ஓர் உணவகம் இருக்கவேயில்லை. ஊபா பட்லர் என்ற இளம் எழுத்தாளர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டிலை உணவகம் என்று பதிவுசெய்து, தெரிந்தவர்களைக் கொண்டு பொய்யான கருத்துக்களை எழுதுவித்திருந்தார். பணம் பெற்றுக்கொண்டு உணவகங்களுக்குப் பொய்க் கருத்து எழுதிய பழைய அனுபவம் அவருக்கு இருந்தது. ஒரு வேளை உணவுகூடப் பரிமாறாத இடம், மக்களின் ‘மதிப்பீட்டினால்’ ஒரு மாநகரின் முதல்தர உணவகமாகியது.

எமக்கும் இதில் ஒரு சிறு அனுபவம் உண்டு. வீட்டுச் சலவை இயந்திரம் பழுதடைந்தபோது இணையத்தில் தேடி, 4.9 நட்சத்திரங்கள் பெற்றிருந்த ஒரு திருத்துநரை அழைத்தோம். உதிரிப்பாகம் வாங்க முற்பணம் கேட்டார், அனுப்பினோம். அதன் பின்னர் அந்த இலக்கம் இயங்கவில்லை. பிறகு ஆறுதலாக அமர்ந்து அந்தக் கருத்துக்களை வாசித்தபோது, அத்தனையும் இரண்டு வாரங்களுக்குள் எழுதப்பட்டிருந்தன. பலரும் ஏறத்தாழ ஒரே வசனத்தையே எழுதியிருந்தனர். எண்ணைப் பார்த்த நாம் எழுதியவர்களைப் பார்க்கவில்லை.

எமது இழப்பு சிறியது. ஆனால் உம்ராவுக்கென வருடக்கணக்கில் சேர்த்த பணத்தையும், மகனின் வெளிநாட்டு வேலைக்காக நகையை அடகுவைத்துப் பெற்ற பணத்தையும் இதேபோல் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒப்படைப்பவர்கள் எம்மத்தியில் இருக்கிறார்கள். ஆகவே இந்த நட்சத்திரங்கள் எவ்வாறு உருவாகின்றன, எந்த அளவுக்கு அவற்றை நம்பலாம் என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் எண் வடிவில் வரும் ஒரு சாட்சியம் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் விடயம். சாட்சியை விசாரிப்பதுபோல அதையும் விசாரிக்க வேண்டும்.

நம்பிக்கையும் நற்பெயரும்

இவ்விரு சொற்களையும் நாம் ஒன்றுபோலவே பயன்படுத்துகிறோம். இத்துறை ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்தே நோக்குகின்றனர். நம்பிக்கை என்பது ஒருவர் இன்னொருவர் மீது வைப்பது. அது பெரும்பாலும் சொந்த அனுபவத்திலிருந்து பிறக்கிறது. நற்பெயர் என்பது ஒருவரைப் பற்றிச் சமூகம் திரட்டி வைத்திருக்கும் பொதுவான கருத்து. ஊரெல்லாம் குறைசொல்லும் ஒரு மேசன் பாஸை, எமது வீட்டு வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்பதற்காக நாம் நம்பலாம். ஊர் புகழும் ஒருவரை, எம்மிடம் வாக்குத் தவறியவர் என்பதற்காக நம்பாமலும் விடலாம். சொந்த அனுபவம் இருக்கும் இடத்தில் அதற்கே முதலிடம். அது இல்லாதபோதுதான் நற்பெயரின் உதவியை நாடுகிறோம்.

இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. நம்பிக்கை எப்போதும் ஒரு குறிப்பிட்ட காரியத்துடன் தொடர்புடையது. வாகனம் ஓட்டுவதில் நாம் நம்பும் ஒருவரிடம் பல்லைப் பிடுங்கக் கொடுப்பதில்லை. நேர்மையானவர் எல்லோரும் திறமைசாலிகள் அல்லர். திறமைசாலிகள் எல்லோரும் நேர்மையானவர்களும் அல்லர்.

முன்பின் தெரியாதவருடன் கொடுக்கல் வாங்கல்

இது இணையம் வந்த பின் தோன்றிய பிரச்சினையல்ல. 11ஆம் நூற்றாண்டில் மத்திய தரைக்கடல் எங்கும் வியாபாரம் செய்த மக்ரிப் பிரதேச யூத வணிகர்களின் கடிதங்கள் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூத ஆலயத்தில் கிடைத்தன. துனீசியாவில் இருக்கும் வணிகர், எகிப்திலோ சிசிலியிலோ உள்ள முகவரிடம் தன் சரக்கை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்த முகவர் ஏமாற்றினால் என்ன செய்வது? பொருளியலாளர் அவ்னர் கிரைஃப் 1989இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வணிகர்கள் கடிதங்கள் மூலம் முகவர்களின் நடத்தையைத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். ஒருவரை ஏமாற்றிய முகவருக்கு மற்றவர்களும் வேலை கொடுக்கவில்லை என்றார். அவ்வணிகர்கள் நீதிமன்றங்களையும் நாடினர் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுப்புரை எழுதினர். நற்பெயர் மட்டும் போதுமா, சட்டமும் வேண்டுமா என்ற அந்த விவாதம் இன்றைய இணையத்துக்கும் பொருந்துகிறது.

பொருளின் தரம் விற்பவருக்கு மட்டுமே தெரியும்போது சந்தைக்கு என்ன நேரும் என்பதை ஜோர்ஜ் அகர்லொஃப் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து விளக்கினார். நல்ல காரையும் பழுதான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், நல்ல காருக்கும் அவர் குறைந்த விலையே தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு ஒதுங்கிவிடுவார். இறுதியில் பழுதானவையே எஞ்சும். இவ்வாய்வுக்காக அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏமாற்றுக்காரர்கள் பெருகினால் வாங்குபவர் மட்டுமன்றி நேர்மையான விற்பனையாளரும் அழிகிறார் என்பது இதிலுள்ள பாடம்.

1995இல் பியர் ஒமிட்யார் கலிபோர்னியாவில் தொடங்கிய ஈபே ஏலத்தளம் இப்பிரச்சினையை நேரடியாக எதிர்கொண்டது. ஒருவரையொருவர் காணாதவர்கள் அங்கே பணம் அனுப்பிப் பொருள் வாங்கினர். 1996இல் பின்னூட்ட முறை அறிமுகமாகியது. கொடுக்கல் வாங்கலின் பின் நல்லது, நடுநிலை, கெட்டது என மூன்றில் ஒன்றைப் பதிவுசெய்யலாம். இன்று வாடகைக் கார் செயலி முதல் உணவு விநியோகம் வரை நாம் காணும் நட்சத்திரங்கள் எல்லாம் அந்த முறையின் வழிவந்தவையே.

அந்த முறைக்குப் பலன் இருந்ததா? போல் ரெஸ்னிக் தலைமையிலான ஆய்வாளர்கள் ஈபேயில் ஒரு சோதனை நடத்தி, 2006இல் முடிவை வெளியிட்டனர். ஒரே தரமான பழைய தபாலட்டைகளை, நீண்டகால நற்பெயருள்ள விற்பனையாளரின் கணக்கிலும் அவரே திறந்த புதிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தனர். நற்பெயருள்ள கணக்குக்கு வாங்குபவர்கள் சுமார் 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தனர். நற்பெயருக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. விலை இருப்பதால் அதைப் போலியாகத் தயாரிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எண் எவ்வாறு கணிக்கப்படுகிறது?

எல்லா நட்சத்திரங்களையும் கூட்டி, எழுதியவர்களின் தொகையால் வகுப்பதே எளிய முறை. இதில் ஒரு குறை உண்டு. மூன்று பேர் மட்டும் மதிப்பிட்டு மூவரும் நல்லது என்று சொன்ன சேவை நூறு சதவீதம் பெறும். நூறு பேரில் 95 பேர் நல்லது என்று சொன்ன சேவை 95 சதவீதம் பெறும். முதலாவதே சிறந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த மூவரும் முதலாளியின் சகோதரர்களாகவும் இருக்கலாமே.

ஒடுன் ஜோசங், ரொஸ்லான் இஸ்மாயில் ஆகிய இருவரும் 2002இல் முன்வைத்த முறை இதைச் சீர்செய்கிறது. நல்ல அனுபவங்களின் தொகையுடன் 1ஐக் கூட்டி, மொத்த அனுபவங்களின் தொகையுடன் 2ஐக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். முதலாவது சேவைக்கு 4ஐ 5ஆல் வகுக்க 80 சதவீதம். இரண்டாவதற்கு 96ஐ 102ஆல் வகுக்க சுமார் 94 சதவீதம். எவரும் மதிப்பிடாத புதியவருக்கு 1ஐ 2ஆல் வகுக்க 50 சதவீதம்; அதாவது அவர் நல்லவர் என்றும் தெரியாது, கெட்டவர் என்றும் தெரியாது. கைத்தொலைபேசியிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. பழைய மதிப்பீடுகளின் நிறையைக் காலப்போக்கில் குறைத்துக்கொண்டு வரவும் இம்முறையில் வழி உண்டு. முதலாளி மாறிய கடைக்கு ஐந்து வருடங்களுக்கு முந்திய புகழ் எதற்கு?

அடுத்த கேள்வி, மதிப்பிடுபவர் எப்படிப்பட்டவர் என்பது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 2003இல் வெளியிட்ட ‘ஐகன்டிரஸ்ட்’ என்ற முறை இதற்குரியது. மத்திய நிர்வாகம் இல்லாமல் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பரிமாறும் வலைப்பின்னல்களுக்காக அது அமைக்கப்பட்டது. அதில் எல்லோருடைய கருத்துக்கும் ஒரே நிறை கொடுக்கப்படுவதில்லை. நம்பத்தகுந்தவர் என்று மற்றவர்கள் மதிப்பவரின் கருத்துக்கு நிறை அதிகம். அவரை மதித்தவர்கள் யார் என்றும் பார்க்கப்படும். இவ்வாறு சங்கிலியாகத் தொடர்ந்து கணித்து முடிவுக்கு வருவார்கள். இச்சங்கிலி எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே நம்பகமானவர்கள் எனத் தெரிந்த சிலரை ஆரம்பப் புள்ளியாக வைத்தனர். போலிகள் நூறு பேர் ஒருவரையொருவர் புகழ்ந்தாலும், நம்பகமான எவரும் அவர்களைப் புகழாவிட்டால் அந்தப் புகழுக்குப் பெறுமதி மிகக் குறைவாகவே இருக்கும்.

எங்கே பிழைக்கிறது?

முதலாவது குறை மௌனம். 1999ஆம் ஆண்டின் ஈபே தரவுகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்களில் சுமார் 52 சதவீதத்தினரே கருத்துப் பதிவிட்டிருந்தனர். அக்கருத்துக்களில் 99.1 சதவீதம் நல்லவை. திருப்தியடையாத பலர் பேசாமல் போய்விட்டார்கள் என்றே இதனை விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

இரண்டாவது பழிவாங்கலுக்கான அச்சம். நாம் அவரைக் குறைகூறினால் அவரும் எம்மைக் குறைகூறுவார் என்ற பயம் உண்மையை மறைத்துவிடுகிறது. இதனால் 2008இல் ஈபே, விற்பனையாளர்கள் வாங்குபவர்களுக்குக் கெட்ட பின்னூட்டம் இடுவதை நிறுத்தியது. தங்குமிடங்களை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி 2014இல் வேறொரு வழியைக் கையாண்டது. இரு தரப்பும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாட்கள் கழியும் வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது.

மூன்றாவது ஒருவரே பலராக வேடமிடுவது. 2002இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் ஜோன் டூசர் இதனை ‘சிபில் தாக்குதல்’ என்ற பெயரில் விவரித்தார். பல ஆளுமைகள் கொண்டவளாகச் சித்திரிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய நூலிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. கணக்குத் திறப்பது இலவசமாக இருக்கும்வரை ஒருவரே ஆயிரம் சாட்சிகளாக மாற முடியும்.

நான்காவது பெயர் மாற்றம். பெயர் கெட்டுப்போனதும் பழைய கணக்கைக் கைவிட்டுப் புதிய பெயரில் வருவார்கள். இதன் சுமை நேர்மையான புதியவர்கள் மீது விழுகிறது என்று ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001இல் எழுதினர். பெயர் மாற்றியவர் யார், உண்மையில் புதியவர் யார் என்று தெரியாததால் எல்லாப் புதியவர்களையும் மக்கள் சந்தேகிக்கிறார்கள். இப்போதுதான் தையல் தொழிலை வீட்டிலிருந்து தொடங்கிய ஒரு சகோதரிக்கு வாடிக்கையாளர் கிடைக்காமல் போவதற்கு இந்த ஏமாற்றுக்காரர்களும் ஒரு காரணம்.

ஐந்தாவது சேர்த்து வைத்த நற்பெயரை ஒரே நாளில் விற்றுவிடுவது. சிறு தொகைகளில் நேர்மையாக நடந்து பெயரைச் சம்பாதித்து, பெரிய தொகை கைக்கு வந்ததும் மறைந்துவிடுவார்கள்.

அறிவிப்பாளர்களை எடைபோட்ட கலை

மத்ரஸாவில் ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு மேற்கூறியவை புதிதாகத் தோன்றா. மார்க்கத்தின் மூலாதாரத்தையும் வியாபாரக் கருத்துக்களையும் சமப்படுத்துவது எமது நோக்கமன்று. ஆயினும் பிறர் சொல்வதை எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வி இரண்டிலும் பொதுவானது. அதற்கு அறிஞர்கள் வகுத்த விதிகள் இன்றும் பயன்தரக்கூடியவை.

அறிவிப்பாளரிடம் ‘அதாலத்’ என்ற நேர்மையையும் ‘ழப்த்’ என்ற துல்லியத்தையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். நல்ல மனிதர், ஆனால் நினைவாற்றல் குறைந்தவர் என்று ஒருவரின் அறிவிப்பை ஒதுக்கினார்கள். நிலை அறியப்படாதவரை ‘மஜ்ஹூல்’ என்றார்கள். அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. முதுமையில் நினைவு தடுமாறியவர் முன்னர் அறிவித்தவற்றையும் பின்னர் அறிவித்தவற்றையும் பிரித்து நோக்கினார்கள். காரணம் விளக்கப்பட்ட குறை, பொதுவான புகழ்ச்சியைவிட முற்படுத்தப்பட்டது. ‘முதவாதிர்’ என்ற உயர்ந்த நிலைக்கு எண்ணிக்கை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அத்தனை பேரும் கூடிப் பேசிப் பொய் சொல்லியிருக்க முடியாது என்பதும் நிபந்தனையாக இருந்தது. நூறு பேர் புகழ்ந்தாலும் அவர்கள் ஒருவரே ஏவிய நூறு பேர் என்றால் அது ஒரே சாட்சியம்தான்.

உமர் (ரழி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படும் ஒரு சம்பவம் பலரும் அறிந்தது. ஒரு மனிதருக்காக இன்னொருவர் நற்சான்று கூற முன்வந்தபோது அவர்கள் மூன்று விடயங்களை விசாரித்தார்கள். அவருடைய அயலவரா, அவருடன் பணக் கொடுக்கல் வாங்கல் செய்தவரா, அவருடன் பிரயாணம் செய்தவரா என்று கேட்டார்கள். எதற்கும் ஆம் என்று பதில் வராதபோது, அம்மனிதரை அவருக்குத் தெரியாது என்று முடிவு செய்தார்கள். சான்று கூறுபவரின் நேரடி அனுபவமே இங்கு அளவுகோலாகியது.

தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. இழக்கக்கூடிய தொகைக்கு ஏற்ப விசாரணையும் அமைய வேண்டும். ஒரு பார்சல் சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போதும். இலட்சக்கணக்கான ரூபாவுக்குப் போதாது. ஹஜ், உம்ரா முகவராயின் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திலும், வெளிநாட்டு வேலை முகவராயின் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2. சராசரியுடன் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்கு இதற்கு உதவும்.

3. இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துக்களை முதலில் வாசிப்பது நல்லது. நிறையையும் குறையையும் சேர்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

4. திகதிகளைப் பார்க்க வேண்டும். குறுகிய காலத்தில் குவிந்த புகழும், அண்மைக்காலமாகத் தொடரும் முறைப்பாடுகளும் எச்சரிக்கைகள்.

5. எழுதியவரின் பக்கத்துக்குச் சென்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கருத்தைத் தவிர வேறெதுவும் எழுதாதவர்கள் வரிசையாக வந்தால் சந்தேகிக்க இடமுண்டு.

6. உங்களுக்குத் தேவையான விடயத்தைப் பற்றியே கருத்து பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பொருள் விரைவாக வந்தது என்பது பொருள் நீடித்து உழைக்கும் என்பதற்குச் சான்றாகாது.

7. முறைப்பாட்டுக்கு விற்பனையாளர் எவ்வாறு பதிலளித்திருக்கிறார் என்பது அவரது குணத்தைக் காட்டும்.

8. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். தளம் தரும் பாதுகாப்பு அத்துடன் முடிந்துவிடும்.

9. பெரிய தொகை என்றால், அவருடன் உண்மையில் கொடுக்கல் வாங்கல் செய்த ஒருவரையாவது நேரில் கேட்க வேண்டும். வட்ஸ்அப்பில் பகிர்ந்தவர் அனுபவித்தவர் அல்லர்; தனக்கு வந்ததை அனுப்பியவர் மட்டுமே.

நாமும் சாட்சிகளே

இதுவரை மற்றவர்களின் கருத்தை எடைபோடுவது பற்றிப் பேசினோம். எமது கருத்தையும் எவரோ ஒருவர் நம்பப்போகிறார். மைக்கேல் லூக்கா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டறிந்தார். சங்கிலித் தொடர் உணவகங்களிடம் இந்த விளைவு தென்படவில்லை; தனியார் நடத்தும் தனி உணவகங்களிடமே தென்பட்டது. ஆகவே கோபத்தில் இடும் ஒரு நட்சத்திரமும் தயவில் இடும் ஐந்து நட்சத்திரங்களும் சிறு முதலாளிகளின் அடுப்படி வரை சென்று சேர்கின்றன.

கழிவு கிடைக்கும் என்பதற்காக ஐந்து நட்சத்திரம் இடுவதும், மச்சானின் கடை என்பதற்காகச் சாப்பிடாமலே புகழ்ந்து எழுதுவதும் எம்மிடையே சாதாரணமாகிவிட்டன. இவை பொய்ச் சாட்சியத்தின் சிறு வடிவங்கள். அமெரிக்காவில் பொய்க் கருத்துக்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இணையக் கருத்துக்களுக்கான ஐஎஸ் 19000 என்ற தரநியமம் 2022 நவம்பரில் வெளியிடப்பட்டது. சட்டம் மெதுவாக வந்து சேர்கிறது. அது வரும்வரை கையிலிருக்கும் கைத்தொலைபேசிக்கு நாமே பொறுப்பு.

மறுபுறம், ஏமாற்றப்பட்ட பின்னரும் புறம் பேசுவதாகிவிடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பவர்களும் உள்ளனர். பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும், ஆலோசனை கேட்பவருக்கு உண்மையைச் சொல்வதும் அனுமதிக்கப்பட்டவை என்று இமாம் நவவி போன்ற அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி, திகதியுடனும் தொகையுடனும் எழுதினால் போதும். ஏச்சும் இட்டுக்கட்டலும் வேண்டாம்.

எமது சலவை இயந்திரத்தை ஈற்றில் திருத்தித் தந்தவர் அண்மையில் தொழில் தொடங்கிய ஓர் இளைஞர். இணையத்தில் அவருக்கு ஒரு நட்சத்திரமும் இருக்கவில்லை. அவரிடம் வேலை செய்வித்திருந்த அயலவர் ஒருவரின் சொல்லை நம்பியே அழைத்தோம். பணத்தை வேலை முடிந்த பின்னரே வாங்கிக்கொண்டார். அன்றிரவே அவரைப் பற்றி நாம் கண்டதை நான்கு வரிகளில் எழுதினோம். இயந்திரத்தை ஒழுங்காகத் திருத்தினார் என்று எழுதினோம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார் என்பதையும் சேர்த்தே எழுதினோம்.